காலணா வரியில் வந்த ரயில்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து திருவாரூர் வழியாகப் பட்டுக்கோட்டைக்கு ரயிலில் வந்து இறங்கியதும் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "சார், வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்துட்டுப் போன லைன். அதை ஒழுங்கா வச்சுக்கக்கூட நமக்கு இத்தனை வருஷம் ஆச்சே!" என்று ஆதங்கப்பட்டிருந்தார். ஆதங்கம் நியாயமானது. ஆனால் "வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்தான்" என்பதைப் படித்ததும் எனக்குள் இருக்கும் வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால், எல்லோருக்குமாக இங்கேயே போடுகிறேன். காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது.

மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை போகும் பாதை 54 மைல், அதாவது சுமார் 87 கிலோமீட்டர். 1894 ஏப்ரல் 2-ஆம் தேதி திறந்தார்கள். இதற்குப் பணம் போட்டது லண்டன் கம்பெனி அல்ல, தஞ்சாவூர் ஜில்லா போர்டு. போர்டுக்கு அந்தப் பணம் நம் ஊர் நிலத்தின் மேல் போட்ட தனி வரியிலிருந்து வந்தது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும்.

முதலில் பூகோளம்.

நம் டெல்டாவில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. கல்லணையில் பிரிந்து, பிறகு கிளைக்குக் கிளை பிரிந்து, விரித்து வைத்த விசிறியைப்போல ஆறுகள் கடலை நோக்கிப் போகின்றன. ஆற்றங்கரைகள் மேடானவை. அதனால் பழைய வண்டிப்பாதைகள் பெரும்பாலும் ஆற்றோடு சேர்ந்து மேற்கும் கிழக்குமாகவே போயின. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிறவனுக்கு ஆறு துணை.

வடக்கிலிருந்து தெற்கே போகிறவன் பாடு வேறு. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீரசோழன், அரசலாறு, திருமலைராஜன், முடிகொண்டான், வெட்டாறு, ஓடம்போக்கி, வெள்ளையாறு, பாண்டவையாறு, முள்ளியாறு, கோரையாறு என்று வழியெல்லாம் ஆறுகள் குறுக்கே வரும். நடுவில் இருக்கும் வாய்க்கால்களையும் வடிகால்களையும் எண்ணி முடியாது. கோடையில் மணலில் சக்கரம் புதையும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பாலமில்லாத துறையில் வண்டி நிற்கும். மாட்டு வண்டி நல்ல சாலையிலேயே மணிக்கு இரண்டு, மூன்று மைல்தான் போகும். இந்தப் பாதையில் என்ன வேகத்தில் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, ரயில் எந்தத் திசையில் முதலில் வந்தது என்று பாருங்கள்.

தஞ்சை மண்ணில் முதல் ரயில் நாகப்பட்டினத்தில் புறப்பட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற ஆங்கிலேயக் கம்பெனி போட்ட பாதை அது. 1861-ல் திருவாரூர் வழியாகத் தஞ்சாவூரை எட்டியது. 1862-ல் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தது. சுமார் 125 கிலோமீட்டர், ஐந்தரை அடி அகலப்பாதை. காரணம் சுலபம். நாகப்பட்டினம் துறைமுகம். உள்நாட்டில் விளைவது கப்பலுக்குப் போக வேண்டும். கப்பலில் வருவது உள்ளே போக வேண்டும். ஆறு எந்தத் திசையில் ஓடியதோ அதே திசையில் ரயிலும் ஓடியது.

அந்தக் கம்பெனி எப்படிப் பணம் திரட்டியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் பெரும்பாலானவற்றுக்கு அரசாங்கம் ஓர் உத்தரவாதம் கொடுத்தது. பங்கு வாங்கியவர்கள் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம் என்பதுதான் அந்த உத்தரவாதம். ஒரு கணக்குப் போடுவோம். கம்பெனி ஒரு லட்சம் ரூபாய் செலவழித்துப் பாதை போடுகிறது. 5 சதவீதம் என்றால் 5,000 ரூபாய். ரயில் ஓடி, செலவு போக மிஞ்சியது 3,000 ரூபாய்தான் என்றால் மீதி 2,000 ரூபாயை யார் கொடுப்பது? இந்திய அரசாங்கத்தின் கஜானா. கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு நிலவரியிலிருந்து. ஆக, ரயில் நஷ்டப்பட்டாலும் லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு வட்டி போய்ச் சேரும். அதைக் கட்டுகிறவர் இங்கே ஏர் பிடிக்கிறவர். லாபம் நிச்சயம் என்றான பிறகு சிக்கனமாகக் கட்ட வேண்டும் என்ற கவலை கம்பெனிக்கு எதற்கு?

அகலமாகப் போட்ட அந்தப் பாதையையே 1875-ல் பெயர்த்து மீட்டர் பாதையாக மாற்றினார்கள். 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், புதிய பாதைகளைச் செலவு குறைவான மீட்டர் அகலத்தில் போடலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. தெற்கே எல்லாம் மீட்டர் பாதை என்று ஆனபோது, நாகப்பட்டினம் பாதையும் அதற்கு ஒத்துப்போக வேண்டியதாயிற்று. இதற்கிடையில் 1874-ல் இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆகிவிட்டன. நம் தாத்தாக்கள் எஸ்.ஐ.ஆர். என்று சொன்னது இதைத்தான்.

1870-களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து விழுப்புரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மெயின் லைன் உருவானது. இப்போது ஒரு தாளில் டெல்டாவை வரைந்து பாருங்கள். வடக்கே மாயவரத்தையும் கும்பகோணத்தையும் தொட்டுக்கொண்டு ஒரு பாதை. நடுவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஒரு பாதை. இந்த இரண்டுக்கும் நடுவே நன்னிலம் பக்கத்து நெல் வயல்கள். திருவாரூருக்குத் தெற்கே திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை. நெல், உப்பு, மீன் எல்லாம் இருந்தும் ரயில் இல்லாத பகுதி. இங்கே ரயில் போட எந்தக் கம்பெனிக்கு அவசரம்? துறைமுகம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, சென்னையும் இணைந்துவிட்டது. குறுக்கே ஓடும் அத்தனை ஆறுகளுக்கும் பாலம் கட்ட யார் முன்வருவார்கள்?

இந்த இடத்தில்தான் போர்டு வருகிறது.

உங்களில் பலருடைய தாத்தாக்கள் "நான் போர்டு ஹைஸ்கூலில் படித்தவன்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். "போர்டு ஆஸ்பத்திரி", "போர்டு ரோடு" என்றும் சொல்வார்கள். அந்தப் போர்டுதான் இந்தப் போர்டு. 1882-ல் ரிப்பன் பிரபு, உள்ளூர் விவகாரங்களை உள்ளூர்க்காரர்களே கவனிக்கப் பழக வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதையொட்டி 1884-ல் சென்னை ராஜதானியில் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு போர்டு, தாலுக்காவுக்கு ஒரு போர்டு என்று ஏற்பட்டன. சாலை, பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இவற்றின் பொறுப்பு. நம் ஜில்லாவில் மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வர யாத்திரைக்காரர்களுக்காகக் கட்டிவைத்த சத்திரங்களின் நிர்வாகமும் போர்டு கைக்கு வந்தது.

இதை மக்களாட்சி என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜில்லா போர்டின் தலைவர் கலெக்டர்தான். உறுப்பினர்களில் மிராசுதார்களும் வக்கீல்களும் இருப்பார்கள். குத்தகைக்காரருக்கோ, பண்ணையாளுக்கோ, பெண்களுக்கோ அங்கே குரல் கிடையாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்த ஜில்லாவில் வசூலித்த பணத்தை இந்த ஜில்லாவிலேயே எதற்குச் செலவிடுவது என்று பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் பேசி எடுத்த முடிவுகளில் ஒன்றுதான் ரயில்.

போர்டின் முக்கிய வருமானம் செஸ். நிலத்தின் வருமான மதிப்பை வைத்துத் தீர்வையோடு சேர்த்து வாங்கும் வரி. தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு மேல் ரயிலுக்கென்றே தனியாக ஒரு செஸ் போட்டார்கள். ரூபாய்க்கு மூன்று பை.

இளைஞர்களுக்கு இந்தக் கணக்குப் பிடிபடாது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. சர்க்கார் கணக்கில் பை என்பதை நம் ஊரில் தம்பிடி என்றோம். மூன்று பை சேர்ந்தால் காலணா. ரூபாய்க்குக் காலணா என்றால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நூறு ரூபாய் மதிப்புக்கு ஒரு ரூபாய் ஒன்பது அணா. இன்றைய கணக்கில் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். சின்னத் தொகைதான். ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவின் நிலம் சின்னது அல்லவே! ஊர் ஊராகப் பட்டாமணியார் கிஸ்தி வசூலிக்கும்போது இந்தக் காலணாவும் கூடவே போய்ச் சேர்ந்தது. வரி முதலில் சேர்ந்தது. ரயில் பிறகு வந்தது.

இங்கே கம்பெனிக் கணக்கையும் போர்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனி ரயிலில் பணம் போட்டவர் வேறு, நஷ்டத்தைச் சுமந்தவர் வேறு. போர்டு ரயிலில் பணம் போட்டதும் இந்த ஜில்லா, நஷ்டம் வந்தால் சுமக்க வேண்டியதும் இந்த ஜில்லா, லாபம் வந்தால் வாங்கிக்கொள்வதும் இந்த ஜில்லா. சென்னை ராஜதானியில் ஒரு ஜில்லா போர்டு இப்படி ரயில் பாதைக்குச் சொந்தக்காரன் ஆனது இதுதான் முதல் தடவை.

பாதை போடுவது சாதாரண வேலை அல்ல. டெல்டா தட்டையான பூமி. மலையைக் குடைய வேண்டாம், பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டாம் என்று பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் கிழக்கே வடியும் தண்ணீருக்குக் குறுக்கே வடக்குத் தெற்காக ஒரு மண்மேடு போட்டால் அது அணை ஆகிவிடும். மேற்கே வயல் மூழ்கும். கிழக்கே வயல் காயும். அதனால் ஆறுகளுக்குப் பெரிய பாலம், வாய்க்காலுக்குச் சின்னப் பாலம், வடிகாலுக்கு மதகு என்று மைலுக்கு மைல் தண்ணீருக்கு வழிவிட்டுக்கொண்டே போக வேண்டும். இன்றைக்கும் மாயவரத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சக்கரத்தின் சத்தம் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பாலம்.

ரயிலை ஓட்டுவதற்கு எஞ்சின், பெட்டி, டிரைவர், கார்டு, பணிமனை எல்லாம் வேண்டும். அதையெல்லாம் 54 மைலுக்காகப் போர்டு தனியாக வாங்கி வைப்பது கட்டுப்படியாகாது. புத்திசாலித்தனமாக மீட்டர் பாதையாகவே போட்டு, ஓட்டும் வேலையை எஸ்.ஐ.ஆரிடம் ஒப்படைத்தார்கள். மாயவரத்திலும் திருவாரூரிலும் எஸ்.ஐ.ஆர். பாதை ஏற்கெனவே மீட்டர் அகலத்தில் இருந்ததால் பெட்டிகள் தடையில்லாமல் இங்கும் அங்கும் போய்வந்தன. தண்டவாளம் போர்டுக்கு, வண்டி கம்பெனிக்கு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாரம் வாங்கிய ஜில்லாவுக்கு இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருந்திருக்காது!

இப்படித்தான் மங்கைநல்லூர், பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருநெல்லிக்காவல், திருத்துறைப்பூண்டி என்ற ஊர்ப்பெயர்கள் ரயில்வே அட்டவணையில் ஏறின. திருவாரூருக்கு முக்கியத்துவம் கூடியது. 1861 முதல் கிழக்கு மேற்காக மட்டும் ரயில் பார்த்த ஊர், இப்போது நான்கு திசையிலும் ரயில் போகும் ஜங்ஷன் ஆனது. தேர் ஓடும் நான்கு வீதிகளோடு ரயில் ஓடும் நான்கு திசைகளும் அந்த ஊருக்குச் சேர்ந்தன.

ரயில் வந்ததால் என்ன மாறியது? நெல் மூட்டை உள்ளூர் வியாபாரி சொன்ன விலைக்கே போக வேண்டியதில்லை. அடுத்த ஊர்ச் சந்தையும் எட்டும் தூரத்துக்கு வந்தது. கடற்கரைப் பக்கத்து உப்பும் கருவாடும் உள்ளே வந்தன. கோர்ட்டுக்குப் போகிறவன், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையன், திருவிழாவுக்குப் போகிற குடும்பம் எல்லோரும் மூன்றாம் வகுப்பில் ஏறினார்கள். எஸ்.ஐ.ஆருக்குச் சரக்கைவிடப் பயணிகளால் வந்த வருமானம் முக்கியமானது. அதில் பெரும்பங்கு மூன்றாம் வகுப்புக்காரர்கள் கொடுத்தது. சாதி பார்த்துத் தெருவில் ஒதுங்கச் சொன்ன காலத்தில், ஒரே பலகையில் நெருக்கியடித்து உட்கார வேண்டிய நிலையைத் டிக்கெட் உண்டாக்கியது. அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனை இறங்கிப் போ என்று சொல்வது முன்னைவிடக் கடினமாயிற்று.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாடம் நடத்திய லட்சணம் அவ்வளவுதான். காலணா வரியைக் கட்டியது பட்டா வைத்திருந்தவர். ஆனால் அந்தக் காலணாவை நிலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது யார்? சேற்றில் இறங்கி நட்டவரும் அறுத்தவரும். அவர்கள் பெயரில் ரசீது கிடையாது. அவர்களில் பலர் திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார்கள். பினாங்குக்கும் மலேயாத் தோட்டங்களுக்கும் ஆள் போன துறைமுகம் அது. ஊரில் வேலைக்குக் கூலி குறைவு, கடன் அதிகம், அவமானம் அதைவிட அதிகம் என்றிருந்தவர்களுக்கு ரயில் ஒரு வெளிவாசல். அங்கே போய்ப் பட்ட பாடு தனிக்கதை. நம் உறவினர்களில் சிலர் இன்று பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா ஊரை விட்டுப் புறப்பட்ட பாதையில் இந்தத் தண்டவாளமும் ஒரு துண்டாக இருந்திருக்கலாம்.

முத்துப்பேட்டையோடு நிற்கவில்லை. பாதை 1902 அக்டோபரில் பட்டுக்கோட்டைக்கும், 1903 டிசம்பர் கடைசி நாளில் அறந்தாங்கிக்கும் நீண்டது. மாயவரத்திலிருந்து மொத்தம் 99 மைல். இதற்கு நடுவில், 1898 மார்ச்சில் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு கிளை திறந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். ஆக, தஞ்சாவூர் விவசாயியின் செஸ் பணத்தில் வந்த பாதையில் பேரளம் வரை போய், அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் தேசத்துக்கு வண்டி மாறலாம். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் வெளிநாடு!

நம் ஜில்லா காட்டிய வழியை மற்ற ஜில்லாக்களும் பிடித்துக்கொண்டன. கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடாவிலிருந்து மசூலிப்பட்டினத்துக்குப் பாதை போட்டது, 1908-ல் திறந்தது. கோயம்புத்தூர் ஜில்லா போர்டின் போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை 1915-ல் வந்தது. திருநெல்வேலி ஜில்லா போர்டின் திருச்செந்தூர்ப் பாதை 1923-ல் வந்தது. அடுத்த தடவை திருச்செந்தூருக்கு ரயிலில் போகும்போது, அதுவும் ஒரு போர்டு ரயில் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். செஸ் ஜில்லா முழுவதற்கும் பொது. பாதை ஒரு கோட்டில்தான் போனது. 1894-ல் ரயில் வந்தபோது பட்டுக்கோட்டைக்காரர் இன்னும் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. மன்னார்குடிக்கு நீடாமங்கலத்திலிருந்து ரயில் வர 1915 ஆயிற்று. அதுவரை அந்த ஊர்க்காரர்கள் கட்டிய காலணாவுக்கு அடுத்த ஊர்க்காரன் ரயிலேறினான். பொதுவில் பணம் போட்டுப் பொதுக்காரியம் செய்யும் எந்த இடத்திலும் இந்தப் பேச்சு வரும்: "நான் கொடுத்தேன், எனக்கு எப்போது?" அந்தக் கேள்வியைக் கேட்கவும் உள்ளூரில் ஓர் இடம் இருந்தது என்பதுதான் முக்கியம். லண்டன் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் போய் மன்னார்குடிக்காரர் கேட்டிருக்க முடியுமா?

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போர்டுகளின் ரயில் பாதைகளை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. 1944-ல் எஸ்.ஐ.ஆர். நிர்வாகமே அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. அறந்தாங்கியோடு நின்ற பாதை சுதந்திரத்துக்குப் பிறகு காரைக்குடியை எட்டியது. கம்பன் எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போனது. உங்களில் பலர் காலேஜுக்கும் வேலைக்கும் அதில்தான் போனீர்கள்.

அப்புறம் அகலப்பாதை வேலை வந்தது. மாயவரம்–திருவாரூர் பகுதி 2012-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. திருவாரூர்–காரைக்குடி முழுவதும் திறப்பதற்கு 2019 ஜூன் ஆகிவிட்டது. திறந்த பிறகும் லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் இல்லை. ரயிலிலேயே ஆட்கள் வந்து, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டு போனார்கள். சுமார் 149 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மாட்டு வண்டியைவிட வேகம்தான், சந்தேகமில்லை.

அந்த வருஷங்களில் ஊர் ஊராக வர்த்தக சங்கத்தாரும் பயணிகளும் மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். அந்த மனுக்களில் சிலவற்றை நானும் படித்தேன். எல்லாவற்றிலும் "கருணை கூர்ந்து", "தயவு செய்து", "பின்தங்கிய எங்கள் பகுதிக்கு" என்ற வார்த்தைகள். எனக்கு வருத்தமாக இருந்தது. பின்தங்கிய பகுதியா? நூறு வருஷத்துக்கு முன்பே தன் பணத்தில் ரயில் போட்டுக்கொண்ட பகுதி. தாத்தா கட்டிய வீட்டின் வாசலில் நின்று பேரன் "உள்ளே வரலாமா" என்று கேட்பதைப்போல இருந்தது.

இதில் மனு எழுதியவர்கள் தவறு ஒன்றுமில்லை. நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடப் புத்தகத்தில் 1853 பம்பாய்–தாணா ரயில் இருக்கிறது. டல்ஹௌசி இருக்கிறார். உத்தரவாத முறையும் இருக்கிறது. பட்டாமணியார் வசூலித்த காலணா இல்லை. ஆகவே ரயில் என்றாலே மேலேயிருந்து யாரோ கொடுப்பது, நாம் கையேந்தி வாங்குவது என்ற எண்ணம் பையன்கள் மனதில் பதிந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெள்ளைக்காரக் கலெக்டர் தலைமையில், ஓட்டுரிமை சிலருக்கு மட்டும் இருந்த காலத்தில்கூட ஒரு ஜில்லா தன் போக்குவரத்தைத் தானே தீர்மானிக்க முடிந்தது. இன்று எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. ஆனால் எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி நிற்க வேண்டும் என்பதில் மாவட்டத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, செய்தி அனுப்பிய மாணவருக்கு என் பதில்: தம்பி, வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட லைன் என்று சொல், சரி. வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்த லைன் என்று சொல்லாதே. எஞ்சின் அவனுடையது, பொறியியல் அவனுடையது, கையெழுத்தும் அவனுடையது. பணம் நம் வயலில் விளைந்தது. மண் சுமந்து மேடு போட்ட உழைப்பும் நம்முடையது.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டுப் பரணிலோ தகரப் பெட்டியிலோ பழைய பட்டாவும் கிஸ்தி ரசீதும் கிடக்கலாம். கரையான் தின்னும் முன் எடுத்துப் பாருங்கள். தீர்வைக்குப் பக்கத்தில் செஸ் என்று ஒரு சின்னத் தொகை எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயர், சர்வே நம்பரையெல்லாம் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். பண்ணையில் வேலை செய்த குடும்பங்களில் ரசீது இருக்காது. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ரயிலைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் சொன்ன கதைகள் இருக்கும். அதை எழுதி அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் பாதையின் கணக்கு முழுமையாகும்.

மாயவரம்–தரங்கம்பாடிக் கிளையின் தண்டவாளத்தை எடுத்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மனுவை எழுதப்போகிறவர் உங்களில் ஒருவராக இருந்தால், "கருணை கூர்ந்து" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, 1894 என்ற வருஷத்தை முதல் வரியில் போடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.